ஐந்து கோடு

முள்ளிப்பட்டில் ஒரு தறி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சேலை இன்னும் தறியில்தான். முந்தானையில் ஒரு முழம் பாக்கியாம். காத்திருப்பவனுக்குப் பேச்சு எதற்கு?

தெருப்பக்க ஜன்னலில் பழைய சேலையை நாலாக மடித்துக் கட்டியிருக்கிறார்கள். நெசவு வீட்டில் வெளிச்சத்தை அடைப்பார்களா? தறிக்கு மேல் ஒரு ட்யூப் லைட் மட்டும். அது எட்டாத மூலையில், சுவரைப் பார்த்தபடி ஏழெட்டு வயதுப் பெண். இடது கண் சிவந்து, பாதி மூடி, கன்னத்தில் நீர் வழிந்த தடம்.

ஆயா கடிகாரத்தைப் பார்க்கிறாள். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவி வருகிறாள். "கண்ணு, மேல பாரு." கீழ் இமையை இழுத்து, உள்ளே அரிசி நீளத்துக்குக் களிம்பு. பெண் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துப் பத்து எண்ணுகிறது. ஆயா மறுபடி போய்க் கை கழுவுகிறாள். களிம்புக் கையோடு பட்டைத் தொட்டால் கறை. பிறகு தறி மரத்தில் சாக்பீஸால் மூன்றாவது கோடு. ஒரு நாளைக்கு ஐந்து.

கண்ணில் இப்படி வருவது இது மூன்றாவது தடவை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் தாய் சொல்வது காதில் விழுகிறது. முதல் தடவை மருந்துக் கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து விட்டார்களாம். ரெண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. ஸ்டீராய்டாக இருந்திருக்கும். அது அப்படித்தான், சிவப்பை அடக்கும், அடியில் புண்ணைப் பரவ விடும். உதட்டோரம் கொப்புளம் போடுகிற ஹெர்பிஸ் கிருமிதான் இங்கே கருவிழியில்.

"மஞ்ச மருந்து வெச்சி நீல லைட்டு போட்டாங்க. டிவியில பச்சையா மின்னுச்சி" என்கிறார் தகப்பன், நாடாவை நிறுத்தாமல். "நம்ம பார்டர்ல போடற கொடிதான். நுனிக்கு நுனி ஒரு மொட்டு."

மருத்துவ நூல்களும் அதைக் கிளைப் புண் என்றுதான் சொல்கின்றன; நுனியில் தெரிகிற குமிழ்தான் அடையாளம். கொடி இன்னும் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

புண் ஆறினாலும் கிருமி போய்விடாது. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் சுருண்டு கிடக்கும். காய்ச்சல் அடித்தாலோ, காரணமே தெரியாமலோ, வந்த வழியே திரும்பி வரும். அதனால் ஆறிய கண்ணுக்கும் மாதக்கணக்கில் மருந்து: அசைக்ளோவிர், வாய்வழியாக. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டு அதைச் சாப்பிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குத் திரும்பியது, சாப்பிடாதவர்களில் 32. அவர்கள் எல்லாம் 12 வயதும் அதற்கு மேலும். பிள்ளைகளுக்கு எடை பார்த்து அளவு. அலமாரியில், சுவாமி படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது அந்த மருந்து பாட்டில்.

"பூ விழுந்துடுமோ?" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. யாரும் பதில் சொல்லவில்லை.

பூ என்பது கருவிழியில் விழும் தழும்பு. பெரியவர்களுக்கு அது தழும்போடு போகும். பிள்ளைகளுக்கு இன்னொரு வம்பு: மங்கலாகக் காட்டுகிற கண்ணை மூளை வளர்கிற வயதிலேயே ஒதுக்கிவிடும். போன தடவை ஆறினதும், நல்ல கண்ணைத் தினம் ரெண்டு மணி நேரம் ஒட்டி மூடச் சொன்னார்களாம். ஒட்டுத்துணி ஒன்று இன்னும் ஆணியில் தொங்குகிறது. அதில் பேனாவால் கிளி வரைந்திருக்கிறது. கிளிக்கு ரெண்டு கண்.

வியாழக்கிழமை விடிய மறுபடி கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ். அங்கே ஆரணி ரோட்டிலேயே இருக்கிறது ஷெல் கண் மருத்துவமனை. 1902இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காக மருத்துவமனை திறந்த வளாகம். ஒரு நாள் நெசவு போகும். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

தறி நிற்கிறது. தகப்பன் சேலையை அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். பட்டின் நிறம் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். பழக்கத்தில் கை ஜன்னல் பக்கம் போகிறது. மடித்த சேலையின் ஓரத்தைப் பிடித்தும் விட்டார். மூலையைப் பார்க்கிறார். கையை எடுத்துக்கொண்டு, "திண்ணைக்கு வாங்க சார்" என்கிறார்.