மாதம் 32 பக்கம்

மார்ச் 7

ஈஸ்ட் ஹாமில் டீச்சரக்கா வீட்டு முன்னறை. அவர், அண்ணை, வக்கீல் தம்பி, அவன் மனைவி, நான் என்று ஐந்து பேர், ஒரு சட்டி சுண்டல், ஐந்து விதமான ‘ப்ளீக் ஹவுஸ்’. என் பிரதி பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் முதல் 40 பக்கத்துக்குப் பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டு, அதற்கு மேல் கைவிட்டிருக்கிறார். நல்ல சகுனமில்லை.

டிக்கன்ஸ் எழுதி வெளியிட்ட வேகத்தில்தான் வாசிக்க வேண்டும் என்பது டீச்சரக்கா போட்ட விதி. 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதம் ஒரு பகுதியாக வந்த நாவல் இது. 32 பக்கம், இரண்டு படம், நீலப்பச்சை அட்டை, விலை ஒரு ஷில்லிங். கடைசி மாதம் இரண்டு பகுதி சேர்ந்து வந்ததால் 20 பகுதிக்கு 19 மாதம். “ஒருத்தரும் முன்னுக்குப் போகப்படாது” என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். ‘கல்கி’ வரும் நாளில் வாசலில் நின்ற என் அம்மாவுக்கு இந்த விதி புதிதாக இருந்திருக்காது.

முதல் அத்தியாயத்தை அவரே உரக்க வாசித்தார். லண்டன் முழுக்க மூட்டம். எசெக்ஸ் சதுப்பு நிலத்தின் மேலும் மூட்டம் என்று வந்த இடத்தில் நிமிர்ந்து, “அது இஞ்சதான்” என்றார். 1852இல் ஈஸ்ட் ஹாம் எசெக்ஸைச் சேர்ந்த கிராமம். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே நல்ல வெயில்.

மூட்டம் மிகவும் திரண்டு நிற்பது லிங்கன்ஸ் இன்னில், சான்சரி நீதிமன்றத்தில். அங்கே ஜார்ன்டைஸ் குடும்பத்துச் சொத்து வழக்கு. எதற்காகத் தொடங்கியது என்றே யாருக்கும் இப்போது விளங்காது. “வாய்தா வாங்கியே மூணு தலைமுறையை ஓட்டியிருக்காங்க” என்றேன். “எங்கட ஊரில அதைத் தவணை எண்டுவம்” என்றார் அண்ணை. வக்கீல் தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 4

மிஸ் ஃப்ளைட் என்ற கிழவி கூண்டில் பறவைகள் வளர்க்கிறாள். தீர்ப்பு வந்ததும் திறந்துவிடுவாளாம். வேறு எழுத நேரமில்லை.

ஜூலை 4

தெருக் கூட்டும் ஜோ என்ற பையன் வரும் 16ஆம் அத்தியாயம். அவனுக்கு எழுத்து தெரியாது. கடைப் பலகைகளையும் கதவுகளிலுள்ள எழுத்துகளையும் பார்த்தபடி நடக்கிறவனுக்கு ஊர் எப்படித் தெரியும் என்று ஒரு பத்தி முழுக்க டிக்கன்ஸ் யோசிக்கிறார். நாங்கள் உவமைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணை இடையில் சொன்னார்: “84இல நான் வந்த புதுசில இப்பிடித்தான். ஏ பி சி டி தெரியும். போர்டில என்ன கிடக்கெண்டு விளங்காது. சனம் போற பக்கம் போவன்.”

அதற்குப் பிறகு யாரும் உவமையைப் பற்றிப் பேசவில்லை.

செப்டம்பர் 5

ஸ்மால்வீட் என்ற கடுவட்டிக் கிழவனின் வீடு மவுண்ட் பிளெசண்ட் பக்கத்தில் இருக்கிறது. பெயரில் மட்டும் இனிமை என்று டிக்கன்ஸ் குத்துகிறார். அண்ணை துள்ளிவிட்டார். மவுண்ட் பிளெசண்ட் தபால் நிலையத்தில் இரவு முறையில் கடிதம் பிரித்தே ஓய்வு பெற்றவர் அவர். டிக்கன்ஸ் காலத்தில் அந்த இடத்தில் சிறைச்சாலை இருந்தது என்று தம்பி தேடிச் சொன்னான். “நான் இருக்கேக்கையும் பெரிய வித்தியாசமில்லை” என்றார் அண்ணை.

டிசம்பர் 5

நள்ளிரவு. இரண்டு இளைஞர்கள் க்ரூக்கின் பழைய சாமான் கடை மாடியில் காத்திருக்கிறார்கள். காற்றில் கரி மிதக்கிறது, எங்கோ இறைச்சி கருகும் நாற்றம், ஜன்னல் கட்டையில் பிசுபிசுவென்று மஞ்சள் நெய். கீழே போய்ப் பார்த்தால் க்ரூக்கைக் காணோம். உள்ளேயிருந்தே தீப்பிடித்து எரிந்துபோயிருக்கிறான். டீச்சரக்கா அன்றைக்குப் பார்த்து மட்டன் ரோல்ஸ் செய்திருந்தார். ஒருவரும் தொடவில்லை.

தம்பியின் மனைவி நர்ஸ். “இதெல்லாம் நடக்காது அக்கா” என்றாள்.

ஜனவரி 9

நடக்காது என்று அப்போதே சொன்னவர் ஜி. எச். லூயிஸ். ‘தி லீடர்’ பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் ஜார்ஜ் எலியட்டின் துணைவரானவர். டிக்கன்ஸ் விடவில்லை. அடுத்த மாதப் பகுதியிலேயே, க்ரூக்கின் மரண விசாரணையில் மெத்தப் படித்தவர்களை உட்காரவைத்துக் கேலி செய்தார். புத்தகமானபோது முன்னுரையிலும் வாதாடினார். விஞ்ஞானத்தில் லூயிஸ் சொன்னதே சரி. ஆனால் அந்தக் கடைக்காரனுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பட்டப்பெயர் ‘லார்ட் சான்சலர்’. குப்பைக் காகிதம் சேர்த்துச் சேர்த்து உள்ளிருந்தே எரிந்துபோவது யார் என்று டிக்கன்ஸுக்குத் தெரியும். முழுப் புத்தகமாக வாசித்தால் 33ஆம் அத்தியாயத்துக் கேலி யாருக்கென்றே பிடிபடாது. மாதத் தவணையில் வாசித்ததால் டிசம்பர்ச் சண்டை ஜனவரிப் பகுதிக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்தோம்.

இனி எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. புத்தகத்தைக் கையில் எடுத்தவன் நான்கு நாளில் கடைசிப் பக்கம்வரை போய்விட்டேன். ஜோ சாவதை வேலைக்குப் போகும் வழியில், டிஸ்ட்ரிக்ட் லைனில் நின்றபடி வாசித்தேன். மைல் எண்ட் வந்ததும் அடையாளம் வைத்து மூடினேன். அவ்வளவுதான்.

இன்று கூட்டத்தில் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

மே 8

ஜோவின் முறை வந்தது. மருத்துவர் வுட்கோர்ட் ஜெபத்தைத் துண்டு துண்டாகச் சொல்ல, பையன் திருப்பிச் சொல்கிறான். முடிக்கும் முன்பே போய்விடுகிறான். உடனே டிக்கன்ஸ் கதையை நிறுத்திவிட்டு மகாராணியையும் பிரபுக்களையும் பாதிரிகளையும் பார்த்து நேருக்கு நேர் பேசுகிறார். அச்சில் பார்த்தபோது கொஞ்சம் மேடைப் பேச்சாகத்தான் பட்டது எனக்கு.

டீச்சரக்கா குரலை உயர்த்தவில்லை. சொல்லித்தரும் வரியை ஒரு குரலில், பையன் வரியை அதைவிட மெல்ல. எத்தனை பிள்ளைகளை அப்படித் திருப்பிச் சொல்ல வைத்திருப்பார். எனக்கு நடக்கப்போவது தெரியும், வரிகூடத் தெரியும். அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆகஸ்ட் 7

இன்ஸ்பெக்டர் பக்கெட், கதாநாயகி எஸ்தரோடு பனியில் லேடி டெட்லாக்கைத் துரத்திப் போகிறார். அந்தச் சீமாட்டியும் இன்னொரு பெண்ணும் உடை மாற்றிக்கொண்டதால் தடம் பிசகுகிறது. இடுகாட்டு வாசலில் கிடக்கும் பெண்ணின் முகத்தை எஸ்தர் திருப்பிப் பார்ப்பதோடு பகுதி முடிகிறது. கடைசி வாக்கியத்துக்கு முன்னால் டீச்சரக்கா நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். அண்ணையைப் பார்த்தார். நானும் அண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியும்.

செப்டம்பர் 4

வழக்கு முடிந்தது. தீர்ப்பால் அல்ல. சொத்து முழுவதையும் கோர்ட் செலவே தின்றுவிட்டதால். வக்கீல் தம்பி இந்த முறை சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே.

அடுத்தது எலிசபெத் காஸ்கெல்லின் ‘கிரான்ஃபர்ட்’. இதே காலத்தில் டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் விட்டு விட்டு வந்தது. அதில் ஒரு கேப்டனும் ஒரு சீமாட்டியும் ‘பிக்விக்’ பெரிதா, டாக்டர் ஜான்சன் பெரிதா என்று மோதிக்கொள்வார்கள். தன் புத்தகத்துக்கே தன் பத்திரிகையில் புகழ்ச்சியா என்று கூச்சப்பட்டு, ‘பிக்விக்’ இருந்த இடத்தில் தாமஸ் ஹுட் என்ற கவிஞரின் பெயரைப் போட்டுவிட்டாராம் டிக்கன்ஸ். புத்தகமானபோது காஸ்கெல் ‘பிக்விக்’கையே திரும்ப வைத்தார்.

கோப்பை கழுவும்போது டீச்சரக்காவிடம் ஒப்புக்கொண்டேன்.

“டிசம்பர்லயே முடிச்சிட்டேன்க்கா.”

“தெரியும். அதுக்குப் பிறகு நீர் ஒரு கேள்வியும் கேக்கேல்லை.”

“கோபமில்லையா?”

“நான் நாலாந்தரம் வாசிக்கிறன்.”

துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் தங்கச்சி, தானும் கணவனும் 2005 பிபிசி தொடரை இரண்டு தடவை பார்த்தாயிற்று என்றாள்.

மூன்று பேரும் முன்னறைப் பக்கம் திரும்பினோம்.

“அண்ணைக்குச் சொல்லிப்போடாதேயும்” என்றார் டீச்சரக்கா.

உள்ளே அண்ணை தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “அடுத்த புத்தகமும் இப்பிடித்தான். ஒருத்தரும் முன்னுக்குப் போகப்படாது.”