கல்வெட்டில் நிற்கும் ஆடுகள்

திருச்சுழிக்குப் பக்கத்தில், குண்டாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிமடம். சின்ன விவசாயக் கிராமம். அங்குள்ள சிவன் கோயிலில் 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன. சுந்தரபாண்டியன் என்ற அரசனின் பள்ளிப்படையாக, அதாவது சமாதிக் கோயிலாக, எழுந்தது அது.

என்னை நிறுத்தி வைப்பது அரசன் இல்லை, ஆடுகள்! கோயிலில் விளக்கெரிக்க ஆடுகளைத் தானமாகக் கொடுத்திருக்கிறார்கள். மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டிகள் வந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டும் என்பது கணக்கு. மழையை நம்ப முடியாத மண்ணில் நடமாடும் சொத்துதான் நம்பிக்கை. அறுவடை முடிந்த புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டு உரமேற்றும் வழக்கம் இன்றும் நம் பக்கம் இருக்கிறதே, அந்த வாழ்க்கையின் தொடர்ச்சியாகவே அதைப் பார்க்கிறேன்.

ஆடு தவிர மற்றதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்த வெள்ளாமை. கண்மாய் பெருகினால் நெல்; கரிசலில் ஈரம் நின்றால் பருத்தி, கம்பு, சோளம், மல்லி. மழை பொய்த்தால் பிழைக்க வெளியூர். தரிசானதில் சீமைக்கருவேல் ஏறியது, கரிமூட்டம் பிழைப்பானது.

1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து விருதுநகர் மாவட்டமானோம். அந்த வரலாற்றுக்கு அரசாணை இருக்கிறது. ஆனால் எந்த மடைக்கு என்ன பெயர், யார் நீர்பாய்ச்சி, எந்தப் புஞ்சையில் யார் கிடை போட்டார்கள் என்பதெல்லாம் நம் பெரியவர்களிடம் மட்டுமே இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்து உறவுகளே, இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா, அப்பத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.