பாட்டு யாருது?

ஒரு கேள்வி. பாட்டை ஆன்லைன்ல ரிலீஸ் பண்ற கம்பெனிகளோட 'டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்' பக்கத்தை நீங்க கடைசி வரைக்கும் படிச்சிருக்கீங்களா? நானும் படிக்கல. போன தீபாவளி லீவுல அதுக்குக் கீழ இருந்த ஒரு சின்னக் கட்டத்துல டிக் போட்டேன். இந்தக் கட்டுரை அந்த டிக்கைப் பத்தினது. (இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டவும்.)

எங்க ஊர் கண்டாச்சிபுரம். விழுப்புரத்துலேர்ந்து வேட்டவலம் வழியா திருவண்ணாமலை போற பஸ்ல போனவங்களுக்குத் தெரியும், ஜன்னலுக்கு வெளிய பாறைப் பாறையா இருக்கும். எங்க பெரியப்பா மைக் செட் வச்சிருந்தார். நான் வளர்ந்ததே குழாய் ஸ்பீக்கருக்குக் கீழதான். ஆனா எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. யாராவது நல்லாப் பாடினா, அதை இன்னும் நாலு பேரைக் கேக்க வைக்கணும்னு மட்டும் கை அரிக்கும். பிளேஸ்மென்ட் டிரெய்னிங்ல அஞ்சு வருஷம் கழிச்சு என்னவா இருப்பேன்னு கேட்டாங்க. மியூசிக் லேபிள் நடத்துவேன்னு சொல்லிட்டேன். கிளாஸே சிரிச்சது. வீட்ல அம்மா சிரிக்கல. "அப்படி ஒரு வேலை இருக்காடா?"ன்னு கேட்டாங்க.

இருக்குன்னு நிரூபிக்கத் தேடப் போய்த்தான் ஏ.வி.மெய்யப்பன் கிடைச்சார். ஏவிஎம்னா நமக்கு வடபழனியில சுத்துற உருண்டைதான் ஞாபகம் வரும். ஆனா அவர் சினிமாவுக்கு வந்ததே இசைத்தட்டு வழியாத்தான். 1907-ல் காரைக்குடியில் பிறந்தவர். அப்பா கடையில் மத்த சாமான்களோட கிராமபோன் தட்டும் விற்றாங்க. வந்த தட்டை விக்கிறதோட நிறுத்தாம, எந்தத் தட்டு வரணும்னு தானே முடிவு பண்ணணும்னு அவருக்குத் தோணியிருக்கு. சென்னைக்கு வந்து கூட்டாளிகளோட சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பிச்சு, ஓடியன் என்கிற ஜெர்மன் கம்பெனியோட சேர்ந்தார்.

அந்த வேலை எப்படி நடந்ததுன்னு படிச்சப்போ எனக்குத் தலை சுத்துச்சு. பாட்டைச் சென்னையில் பதிவு பண்ணணும். அந்த மூலத்தட்டு கப்பலில் ஜெர்மனி போகணும். அங்கே அச்சடிச்ச தட்டுகள் திரும்பக் கப்பலில் வரணும். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணு நிமிஷம். அதுக்குள்ள வித்வான் ஆலாபனையையும் முடிக்கணும், கீர்த்தனையையும் முடிக்கணும். மாசக்கணக்கா காத்திருந்து வந்த தட்டு விக்கலைன்னா நஷ்டம். நாம 'அப்லோட்' பட்டனை அழுத்திட்டு அஞ்சு நிமிஷத்துல வியூஸ் வரலையேன்னு புலம்புறோம். 1939-ல் உலகப்போர் வந்ததும் அந்த ஜெர்மன் கப்பல் வியாபாரமே நின்னுபோச்சு. அதுக்குள்ள அவர் சினிமாவில் கால் வச்சிருந்தார். 1935-ல் எடுத்த முதல் படம் அல்லி அர்ஜுனா, தோல்வி.

இதுவரைக்கும் எனக்கு அவர் ஹீரோதான். அப்புறம்தான் பாரதியார் விஷயம் வந்தது.

பாரதி 1921-ல் இறந்துட்டார். அவர் பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு பண்ற உரிமை குடும்பத்துகிட்டேர்ந்து செய்சிங்லால் மேத்தா என்கிற வியாபாரி கைக்குப் போச்சு. அவர்கிட்டேர்ந்து மெய்யப்பன் விலைக்கு வாங்கினார். 1947-ல் வந்த நாம் இருவர் படத்தில் டி.கே.பட்டம்மாள் பாரதி பாட்டுகளைப் பாடினாங்க, ஊரே கொண்டாடுச்சு. 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தாங்க. உரிமை எங்கிட்ட இருக்கேன்னு மெய்யப்பன் ஆட்சேபிச்சார். சட்டப்படி சரிதான். ஆனா ஜனங்க கேட்டது வேற கேள்வி: பாரதி பாட்டைப் பாட ஒரு கம்பெனிகிட்ட அனுமதி கேக்கணுமா? அந்தக் கிளர்ச்சி பெருசாகி, 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கிட்டது. அப்போ முதல்வரா இருந்தவர் நம்ம திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர், ராமசாமி ரெட்டியார். மெய்யப்பன் காசு வாங்காம உரிமையைக் கொடுத்துட்டார். வாங்கினதுக்குக் கணக்குப் பார்த்த அதே மனுஷன், கொடுக்கும்போது பார்க்கல. இது எனக்கு இன்னும் முழுசாப் புரியல.

சரி, என் டிக்குக்கு வர்றேன். எங்க எதிர்த்தெரு ஆயா நடவுப் பாட்டு பாடுவாங்க. குரல்ல ஒரு கரகரப்பு இருக்கும், பாறையில் தண்ணி வழியுற மாதிரி. லீவுல போன்ல ரெக்கார்ட் பண்ணினேன். ரூம்மேட் கீழ ஒரு பீட் போட்டான். ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் மூலமா எல்லா ஆப்லயும் ஏத்தினேன். ஆர்ட்டிஸ்ட் பேர்ல எங்க சேனல் பேர். அப்புறம் அந்தக் கட்டம்: 'இந்தப் பதிவின் முழு உரிமையாளர் நானே.' டிக். பாட்டு எதிர்பார்த்ததைவிட நல்லாவே ஓடுச்சு. வந்த காசு இருநூத்திச் சொச்சம்.

பாட்டுக்காரங்க பேரைப் பத்தி இன்னொரு தகவல். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பதிவு செஞ்சப்போ, பாட்டு முடிஞ்சதும் தன் பேரை இங்கிலீஷ்ல சொல்வாங்க. தட்டு அச்சாகிறது ஜெர்மனியில. லேபிள் ஒட்டுறவங்களுக்கு இது யார் குரல்னு தெரியணுமே, அதுக்குத்தான்னு சொல்றாங்க. நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி இருந்த அந்த ஏற்பாடு என் ரிலீஸ்ல இல்ல. ஆயா பேர் எங்கேயும் இல்ல. 2012-ல் திருத்தின காப்புரிமைச் சட்டத்தில் பாடினவங்களுக்கும் ராயல்டியில் பங்கு உண்டுன்னு அப்புறம்தான் படிச்சேன்.

பொங்கலுக்குப் போனப்போ இருநூறு ரூபாயும் ஒரு வெள்ளைத்தாளும் எடுத்துக்கிட்டுப் போனேன். தாள்ல நானே ஒரு ஒப்பந்தம் எழுதியிருந்தேன், ஆளுக்குப் பாதி. ஆயாவுக்குப் போன்ல பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. "டமடமன்னு என்னமோ தட்டுறானே, அவன் யாரு?"ன்னு கேட்டாங்க. ரூம்மேட்டுன்னு சொன்னேன். "குறைச்சு தட்டச் சொல்லு." அப்புறம், "எம் பேரு எங்க வருது?"

வரலை ஆயா, மாத்திடுறேன்னு சொல்லித் தாளை நீட்டினேன். பணத்தை மடியில் முடிஞ்சுக்கிட்டாங்க. கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டாங்க: "இது எம்பாட்டு இல்லியேப்பா. எங்க மாமியார் சொல்லிக் குடுத்தது. அவங்க பேரையும் எழுதிக்கோ."

எழுதிக்கிட்டேன். ஹாஸ்டலுக்கு வந்து, ரெண்டு பேரையும் சேர்க்கச் சொல்லி டிஸ்ட்ரிப்யூட்டருக்கு டிக்கெட் போட்டேன். ரெண்டாவது நபரோட ஈமெயில் ஐடி வேணும்னு பதில் வந்திருக்கு. அவங்க இறந்து முப்பது வருஷம் ஆச்சு.