உடன் சென்றவர்

எங்கட அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டால் நாலரைக்கே விடிந்துவிடும். கோயில் கதவு திறக்கவேணும், மணி அடிக்கவேணும், மைக் பார்க்கவேணும். பூசை முடிந்து சுவாமி நோயாளி வீட்டுக்குப் போவதென்றால் மோட்டார் சைக்கிளை எடுப்பதும் அவர்தான். சம்பளம் எண்டு ஒரு சதமும் இல்லை. "வீட்டுக் கூரையும் ஒழுகுது, அதையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்பா அம்மா. "பாப்பம். சுவாமியைத் தனிய விடலாமே?" என்பார் அப்பா. அதற்குப் பிறகு அம்மா கதைக்கமாட்டா.

அந்த மௌனம் எனக்குக் கனகாலமாக விளங்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய ஒரு ஒப்படைக்காக கம்பஸ் நூலகத்தில் பழைய அறிக்கைகளை வாசித்தபோதுதான் விளங்கியது.

2006 ஆகஸ்ட் 13 அதிகாலை, அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. குறைந்தது 15 பேர் செத்தார்கள். பங்குத்தந்தை ஜிம் பிரவுண் சுவாமி மிஞ்சிய சனத்தை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு கிழமை கழித்து, 20ஆம் திகதி ஞாயிறு, அவர் திரும்பவும் அல்லைப்பிட்டிக்குப் போனார். பங்கைச் சேர்ந்த ஒருவரும் கூடப் போனார். அவர் ஐந்து பிள்ளைகளின் தகப்பன். கடற்படைச் சோதனைச்சாவடியடியில் கண்டதுதான் கடைசி. இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

அதே ஆண்டு அமைத்த ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவுக்குக் கொடுத்த சம்பவப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஆனால் அதில் சுவாமியின் பெயர் மட்டும்தான். வேறு அறிக்கைகளில் மற்றவரின் பெயரும் வருகிறது, "உதவியாளர்", "உடன் சென்றவர்" என்று சுவாமியின் பெயருக்குப் பின்னால்.

இதைச் சொன்னபோது சிநேகிதி ஒருத்தி கேட்டாள்: "அஞ்சு பிள்ளையள வச்சுக்கொண்டு ஏன் போனவர்? குடும்பத்தில அக்கறை இல்லையோ?" எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் ஷெல் விழுந்த கோயிலும் ஓடிவந்த சனமும் அவருக்கு ஆரோ எவரோ இல்லை. குடும்பம் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம் எண்டு அப்படியான ஆக்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. சுவாமிக்கு அது பணி. இவருக்கோ, "இண்டைக்கு ஏலாது சுவாமி" எண்டு சொல்லியிருந்தால் ஆரும் குறை பிடித்திருக்கமாட்டார்கள். அதற்கான விலையை மட்டும் வீட்டிலிருக்கிற ஆக்கள்தான் கட்டவேண்டியிருக்கிறது.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன், "நீங்கள் எண்டால் போயிருப்பியளோ?" அவர் வாய் திறக்க முதல் குசினிக்குள் இருந்து அம்மா சொன்னா: "போயிருப்பார். அதுதானே என்ர பயம்."

அவரின் பிள்ளைகள் இப்போது என் வயதிலோ அதற்கு மேலோ இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவரில் தொடங்குகிற ஒரு வசனத்தையாவது எழுதிவைக்க வேணும் போலிருந்தது.

ஐந்து பிள்ளைகளின் தகப்பன் ஒருவர், 2006 ஆகஸ்ட் 20 அன்று, தன்னுடைய சுவாமியைத் தனிய விடாமல் கூடப் போனார்.