திருப்பி வைக்கச் சொன்ன பட்டன்

அந்தத் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். படம் எடுத்தது நான். கெடுத்ததும் நான். பழியை மட்டும் அவன் தலையில் வைத்தேன்.

கோவையில் இருபத்தைந்து வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். 2017 தை மாதம், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் கேமராவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், என்னிடம் உதவிக்கு இருந்த தம்பி கேமராவைக் கையில் வைத்திருந்தான். வயது இருபத்திரண்டு.

"அண்ணா, ஓகே பட்டன்ல ஜூம் வெச்சுட்டனுங்ணா. ஒருக்கா அமுக்குனாப் போதும். ஃபோகஸ் வெச்ச எடம் பெருசா வந்து நிக்குமுங்" என்றான். அமுக்கியும் காட்டினான். சட்டென்று ஒரு கண்ணிமை திரை முழுக்க நின்றது. இன்னொரு தடவை அமுக்கினான். பழையபடி முழுப்படம் வந்தது.

அது நிக்கான் டி750. 24 மில்லியன் புள்ளிகளில் படம் எடுக்கும். அதன் முதுகில் இருக்கும் திரையோ அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிதான். அவ்வளவு பெரிய படத்தை அந்தச் சின்னச் சதுரத்துக்குள் சுருக்கினால் ஃபோகஸ் அவுட் ஆன படமும் பளிச்சென்றுதான் தெரியும். உண்மை தெரிய வேண்டுமானால் பெரிதாக்கும் பட்டனைப் பல தடவை தட்ட வேண்டும். பிறகு முகம் எங்கே என்று நகர்த்தித் தேட வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அதற்கு யாருக்கு அவகாசம்? அதனால்தான் மெனுவுக்குள் போய் அந்த வேலையை ஓகே பட்டனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில், எந்த இடத்தில் ஃபோகஸ் வைத்தோமோ அந்த இடமே வரும். அரை நொடி வேலை. 2007-ல் வந்த டி300-லேயே இந்த வசதி உண்டு. அந்தக் கேமராவை நான் ஏழு வருடம் வைத்திருந்தேன். ஒரு நாளும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை.

காரணம் கர்வம். எஃப்எம்2-வில் தொழில் பழகியவன் நான். வ்யூஃபைண்டர் நடுவில் வெட்டுப்பட்டுத் தெரியும் கோட்டைக் கண்ணிமையில் ஒட்டவைத்து, 36 படத்தில் 34 தேறும்படி எடுத்தவன். "திரையைப் பாக்கறவன் போட்டோகிராபரே இல்ல" என்று பையன்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கர்வத்துக்கு அடியில் பயம் இருந்தது. எனக்கு வெள்ளெழுத்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்ணாடி போடாமல் அந்தத் திரையில் எதுவும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. வாடிக்கையாளர் முன்னால் கண்ணாடி போட எனக்கு மனம் வரவில்லை. கண் போய்விட்டது என்று பேச்சு கிளம்பினால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். பார்க்கத் தேவையில்லை என்று நான் சொன்னதெல்லாம், பார்க்க முடியவில்லை என்பதை மறைக்கத்தான்.

"என் கேமராவுல கை வெக்கற வேல வெச்சுக்காத" என்றேன். வீடியோக்காரர், பந்தல்காரர் எல்லாரும் இருந்தார்கள். பழையபடி மாற்றப் பார்த்தேன். அது எந்த மெனுவில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. கேமராவை நீட்டி, அவனையே திருப்பி வைக்கச் சொன்னேன். வைத்தான்.

அன்று இரவு இணைச்சீர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்குச் செய்யும் சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் உட்காருவாள். அந்த வீட்டில் அக்கா உண்டு. ஆனால் தோட்டத்துப் பாகத்திலும் பிஏபி பாசன வாய்க்கால் தண்ணீரிலும் தகராறு வந்து, அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருடம். சித்தப்பா மகளைத்தான் இணைச்சீருக்குப் பேசி வைத்திருந்தார்கள். சீர் தொடங்குகிற நேரத்தில் அக்கா மண்டபத்துக்குள் வந்தார். யாரும் பேசவில்லை. சீரை நடத்தி வைக்கும் அருமைக்காரர் மட்டும், "வா சாமி, வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தார். மாப்பிள்ளை குனிந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படியே இருவரும் அழுதார்கள்.

வீடியோக்காரர் அந்நேரம் மணப்பெண் அறையில் இருந்தார். எதிரே இருந்தது நான் மட்டும். 85 எம்எம் லென்ஸ், துவாரம் எஃப் 2. மூன்று மீட்டர் தூரத்தில் அதில் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்கூடக் கிடையாது. 19 படம் எடுத்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு மாப்பிள்ளையை நெட்டுவாக்கில் எடுக்க ஃபோகஸ் புள்ளியை ஓரத்துக்கு நகர்த்தியிருந்தேன். திரும்ப நடுவுக்குக் கொண்டுவரவில்லை. புள்ளி முகத்தில் விழவில்லை. பின்னால் தொங்கிய மல்லிகைச் சரத்தில் விழுந்தது.

திரையைப் பார்த்தேன். நன்றாக இருப்பது போலத்தான் பட்டது. லைட்டைப் பிடித்திருந்த தம்பி காதோரம் வந்து, "ஒருக்கா ஜூம் பண்ணிப் பாருங்ணா" என்றான்.

"வாய மூடிட்டு லைட்டப் புடி" என்றேன்.

நேரம் இருந்தது. இதை மறைக்கக் கூடாது. அவர்கள் அழுது முடிக்கட்டும் என்று அருமைக்காரர் நாலைந்து நிமிடம் சும்மா நின்றார். அந்தப் பட்டன் அவன் வைத்தபடியே இருந்து, நான் ஒரு தடவை அமுக்கியிருந்தால் முகம் வர வேண்டிய இடத்தில் மல்லிகைப்பூ வந்திருக்கும். என் கண்ணுக்கேகூடத் தெரிந்திருக்கும். திரும்ப எடுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் ஸ்டுடியோவில் கண்ணாடி போட்டுக்கொண்டு மானிட்டரில் திறந்தேன். 19-லும் பூ இதழ் இதழாக இருந்தது. முகங்கள் இரண்டும் பஞ்சாகக் கலைந்து கிடந்தன. ஷார்ப்பு ஏற்றிப் பார்த்தேன். கருப்பு வெள்ளையாக்கினேன். ஆல்பத்தில் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் ஒட்டினேன்.

அக்கா விடவில்லை. அந்த ஒரு படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் ஃபிரேம் போட்டுக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கடையில் வைத்தே பிரித்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். "எந்தம்பி கண்ணே தெரியலீங்களே" என்றார்.

"அந்தச் சீரப் பையன் எடுத்தானுங்க. தொழிலுக்குப் புதுசு" என்றேன்.

பையன் உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். கதவு திறந்திருந்தது. எழுந்து வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்கங்க்கா" என்றான். அந்த அக்கா அவன் தோளைத் தட்டி, "பரவால்ல கண்ணு, நீ என்ன வேணும்னா பண்ணுன" என்றார். நான் பில் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் அவன் நின்றுவிட்டான். இணைச்சீரைக் கெடுத்த பையன் என்று பொள்ளாச்சி வரைக்கும் பேச்சுப் போயிற்று. அந்த சீசனில் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நாலு பேருக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

போன மாதம்தான் பேசினேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் படம் எடுக்கிறான். அக்காவிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தப் பட்டன் வெச்சுட்டீங்களாங்ணா?" என்று கேட்டான்.

வைத்துவிட்டேன் என்றேன். பொள்ளாச்சிக்கு இன்னும் போகவில்லை. அந்த 19 படமும் பழைய கார்டிலேயே இருக்கின்றன. அதையும் கேமராவையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஓகே பட்டனை அக்காவே அமுக்கிப் பார்க்கட்டும்.