பெயர் கொடுங்கள், மக்களே

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் நாட்களில்தான் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு முதலாண்டுப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். சில வாரங்களில் வகுப்புக்கு ஒரு தாள் வரும். நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், தமிழ் மன்றம் என்று எதில் சேர விருப்பமோ அதில் பெயர் எழுத வேண்டும். தாள் கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்பும்போது பாதிக்குமேல் வெறுமையாக இருக்கும். ஆசிரியையாகவும் நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஏன் எழுதவில்லை என்று கேட்டால் அன்றும் இன்றும் ஒரே பதில்தான்: "பஸ் போயிரும் மிஸ்."

அதைச் சாக்கு என்று தள்ள எனக்கு மனம் வராது. கடையம், கீழப்பாவூர் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். போனதும் பலருக்கு அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றும் வேலை காத்திருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடும் வீட்டில், கல்லூரியில் கூடுதலாகப் போகும் ஒரு மணி நேரம் தட்டில் குறையும் கட்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும். அத்தனையும் தெரிந்தே சொல்கிறேன், பெயர் கொடுங்கள்.

காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். முடித்தால் சான்றிதழ் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது உதவினால் நல்லதுதான். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஏழு நாள்.

முகாம் என்றால் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கல். வகுப்பறையில் ஜமுக்காளம் விரித்தால் முதல் இரவு அவரவர் ஊர்க்காரப் பிள்ளையின் பக்கத்தில்தான் படுப்பார்கள். சமையலுக்கும் துப்புரவுக்கும் நான் குழு பிரிக்கும்போது ஊரையும் துறையையும் வேண்டுமென்றே கலைத்துவிடுவேன். ஒரு முகாமில் ஒரு பிள்ளை தன் தட்டையும் டம்ளரையும் துணிப்பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். யாரும் தொடக்கூடாது என்பது வீட்டார் சொல்லி அனுப்பியது. நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாம்பார் அடிபிடித்துவிட்டது. அவளும், அவள் தெருவுக்குள் கால் வைக்காத இன்னொரு தெருப் பிள்ளையும் அடிபம்பு ஓரத்தில் அந்த அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார்கள். ஒருத்தி பம்பை அடிக்க மற்றவள் கழுவ, பிறகு இருவரும் ஆளுக்கொரு காது பிடித்து அடுப்படிக்குத் தூக்கி வந்தார்கள். அன்று இரவு அந்த டம்ளர் மற்ற டம்ளர்களோடு கூடையில் கிடந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை அவனோடு படித்த பிள்ளைகளே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டிய செய்தி வந்தபோது எங்கள் சீமையில் பலருக்கும் தூக்கம் போயிற்று. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்க்கச் சொல்லத்தான் வேண்டும். அவிழ்த்த கைக்கு மறுநாளே ஒரு பொது வேலையும் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மாணவர் அமைப்புகள். "நம்ம ஆட்கள் மட்டும்" என்று கூப்பிடும் கூட்டம் எந்த நல்ல பெயரில் வந்தாலும் அதில் சேராதீர்கள்.

பொது வேலைக்கு இடம் தேடினால், தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். மாற்றுத்திறனாளிகளுக்காக அவர் 1981-இல் தொடங்கிய அமைப்பு அது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டமாகப் போய் வேலை செய்யுங்கள். சக்கர நாற்காலியைத் தள்ளும் முன் "தள்ளட்டுமா?" என்று கேட்கப் பழகுவதே பெரிய படிப்பு.

மன்றத்தில் செயலாளர் பதவி கிடைக்கவில்லை என்று அழும் பிள்ளைகளுக்கு, கம்பனைச் சுவைத்துச் சொன்ன ரசிகமணி டி.கே.சி.யைச் சொல்வேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் நடந்த 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியக் கூட்டத்தில் கம்பனைக் கேட்கக் கூடியவர்களுக்குத் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. பின்னாளில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் தமிழ் கேட்க அங்கே ஆள் வந்துகொண்டுதான் இருந்தது.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அமைப்பு வேலைகளை மணி அடித்த பிறகு வைக்காதீர்கள், கால அட்டவணைக்குள்ளேயே ஒரு பீரியடு ஒதுக்குங்கள். பெற்றோரே, முகாமுக்குக் கையெழுத்துக் கேட்டு உங்கள் மகள் தாளை நீட்டினால் யார் உடன் தங்குகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று நன்றாக விசாரியுங்கள். தட்டில் கொஞ்சம் பீடி குறைந்தாலும் பரவாயில்லை, அந்த ஏழு நாளுக்கு அவளை அனுப்பி வையுங்கள்.