துளி எண்ணெயின் விலை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதித் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை வைப்பவர் என் சிற்றப்பா. அவர் குடும்பத்திற்குச் சோறிடுவது சுருள்வில்லால் இயங்கும் ஒரே ஒரு காற்றுத் துப்பாக்கி. அதற்கு எந்த எண்ணெய் இடுவது என்பது அவ்வீட்டில் அடுப்பெரிவதோடு தொடர்புடைய வினாவாகும்.

மலிவான எஞ்சின் எண்ணெய் எங்கும் கிட்டும். ஆயினும், சுருள்வில் விடுபடும் கணத்தில் பிஸ்டன் காற்றை அழுத்த, அக்காற்று கடும் வெப்பமடைகிறது. உள்ளே தேங்கிய கனிம எண்ணெய் பொறியின்றியே தீப்பற்றக்கூடும். ஆவடியில் உருவாகும் டாங்கிகளின் டீசல் எஞ்சினை இயக்கும் அதே தத்துவம், இங்கே வாஷரையும் சுருள்வில்லையும் சிதைத்துவிடுகிறது.

ஆகவே, அழுத்த அறைக்குச் சிலிக்கோன் எண்ணெயே ஏற்றது; அதுவும் எப்போதேனும் ஓரிரு துளி. சுருள்வில்லுக்கு அது போதாது. உலோகத்தோடு உலோகம் உராயுமிடத்தில் மாலிப்டினம் கலந்த கிரீஸே தாங்கும். வெளிப்புறக் கீலுக்கும் துருத் தடுப்புக்கும் தையல் இயந்திர எண்ணெய் போதுமானது. அது காற்றறைக்குள் கசியாதிருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! சிக்கனம் என்பது விலை குறைந்ததை நாடுவதன்று. இடமறிந்து, அளவறிந்து இடுவதாகும். சிலிக்கோன் எண்ணெய்க் குப்பியொன்று நெடுநாள் வரும். பழுதான வாஷரோ ஒரு திருவிழாவின் வருவாயையே விழுங்கிவிடும்.